குளிர் நாட்டில் தொட்டி உருளைக்கிழங்கு: முளைகட்டுவது முதல் அறுவடை வரை

குளிர் நாட்டில் தொட்டியில் உருளைக்கிழங்கு போட்டு ஏமாந்தவர்களிடம் விசாரித்தால் கதை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். வசந்தத்தில் முதல் வெயில் அடித்ததும் கிழங்கை வாங்கி, அன்றே மண்ணில் புதைத்து, நிறையத் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். ஒரு மாதம் கழித்துத் தோண்டிப் பார்த்தால் உள்ளே கூழ்தான். என் முதல் வருடமும் அப்படித்தான் போனது. மூன்று தொட்டி வைத்ததில் ஒன்றில் மட்டும் செடி வந்தது.

குறுகிய கோடையில் நமக்குப் பற்றாமல் போவது நாட்கள். அந்த நாட்களை மண்ணுக்குள் சம்பாதிக்க முடியாது. கிழங்கு வீட்டுக்குள் முளைவிட்டுக்கொண்டிருக்கும் வாரங்களில்தான் சம்பாதிக்க முடியும். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். வரிசை மாறும்போதுதான் பெரும்பாலான கோளாறுகள் வருகின்றன.

1. முதலில் நாள்காட்டி

உங்கள் பகுதியில் வசந்தத்தின் கடைசி உறைபனி வழக்கமாக எப்போது வருகிறது என்று பாருங்கள். வானிலைத் துறையின் பதிவுகளில் இருக்கும், பக்கத்தில் தோட்டம் போடுகிறவர்களுக்கும் தெரியும். அந்தத் தேதியிலிருந்து எல்லாவற்றையும் பின்னோக்கி எண்ண வேண்டும்.

நடவு, கடைசி உறைபனிக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால். முளைகட்ட வைப்பது, நடவுக்கு நாலு முதல் ஆறு வாரம் முன்னால். உதாரணமாக, கடைசி உறைபனி மே 15 என்றால் நடவு ஏப்ரல் 25 வாக்கில் வரும். முளைகட்ட வைக்க வேண்டியது மார்ச் 14-க்கும் 28-க்கும் நடுவில். விதைக்கிழங்கு அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

உறைபனிக்கு முன்னாலேயே நடலாமா என்று கேட்பீர்கள். முளைகட்டிய கிழங்கும் குளிர்ந்த மண்ணிலிருந்து வெளியே தலைகாட்ட இரண்டு முதல் நாலு வாரம் எடுத்துக்கொள்ளும். இலை வெளியே வரும்போது பனி ஏறக்குறைய ஓய்ந்திருக்கும். ஒன்றை மறக்க வேண்டாம்: பதிவில் இருக்கும் தேதி பல வருடங்களின் சராசரி. சில வருடம் பனி அதைத் தாண்டியும் வரும். அதனால்தான் பனி இரவில் செடியைப் போர்த்த ஒரு துணியையும் தயாராக வைக்கச் சொல்கிறேன்.

2. வகையைத் தேர்ந்தெடுத்தல்

உருளையில் குறுகிய கால வகை, நடுத்தர வகை, நீண்ட கால வகை என்று மூன்று உண்டு. குறுகிய கால வகை நட்ட 10 முதல் 12 வாரத்தில் கிழங்கு தரும். நடுத்தர வகைக்கு 13 முதல் 15 வாரம் ஆகும். நீண்ட கால வகைக்கு 16 முதல் 20 வாரம் வரை வேண்டும்.

தொட்டிக்குக் குறுகிய கால வகைதான் என் முதல் பரிந்துரை. இலையுதிர் காலப் பனிக்கு முன் முடிந்துவிடும். கருகல் நோய் தலைதூக்கும் ஈரமான பின்கோடைக்கு முன்பே பெரும்பாலும் தப்பிவிடும். செடியும் அடக்கமாக இருக்கும். ரெட் நார்லேண்ட், ஸ்விஃப்ட் போன்றவை இந்த ரகம். சார்லட் நடுத்தர வகை, அதுவும் தொட்டியில் ஒழுங்காக வரும். ரஸ்ஸெட் பர்பேங்க் மாதிரி நீண்ட கால வகையைத் தொட்டியில் முயல்வது வீண் வேலை. கிழங்கு பருக்கும் நேரத்தில் பனி வந்து நிற்கும்.

3. விதைக்கிழங்கு, சமையலறைக் கிழங்கு அல்ல

கூடையில் முளைத்துக் கிடக்கும் கிழங்கை நட்டால் வராதா என்றால், சில சமயம் வரும். ஆனால் அதில் இரண்டு சிக்கல். சமையலுக்கு விற்கும் கிழங்குக்குப் பல இடங்களில் முளைப்பைத் தடுக்கும் மருந்து போட்டிருப்பார்கள். முளை வராமலே போகலாம், வந்தாலும் நோஞ்சானாக வரும். இரண்டாவது, வைரஸ் நோய். இலைச்சுருள், மொசைக் போன்ற நோய்கள் கிழங்கின் வழியாகவே அடுத்த செடிக்குப் போகும். கிழங்கை வெளியிலிருந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. சான்று பெற்ற விதைக்கிழங்கு என்றால் பயிரிலேயே சோதித்துத் தேர்ந்தெடுத்திருப்பார்கள்.

கோழிமுட்டை அளவு, அதாவது 40 முதல் 60 கிராம் உள்ள கிழங்குதான் சரியான அளவு. கைக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். லேசான சுருக்கம் பரவாயில்லை. அழுத்தினால் அமுங்குவது, நாற்றம் வருவது, நீர் கசிவது ஆகியவற்றை உடனே ஒதுக்குங்கள். ஓர் அழுகல் பக்கத்துக் கிழங்கையும் இழுத்துக்கொண்டு போகும்.

தபாலில் வந்த கிழங்கைப் பெட்டியோடு அப்படியே வைக்காதீர்கள். வந்த அன்றே பிரித்துக் காற்றாடப் பரப்புங்கள். மூடிய பெட்டிக்குள் ஈரம் தேங்கும், இருட்டில் முளை நூல் மாதிரி நீளும்.

4. முளைகட்டுதல்

இந்தப் படியைத்தான் எல்லாரும் சுருக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிழங்கை உற்றுப் பாருங்கள். ஒரு முனையில் கொடியிலிருந்து பிரிந்த தழும்பு இருக்கும். எதிர்முனையில் கண்கள், அதாவது முளை கிளம்பும் சின்னக் குழிகள், நெருக்கமாக இருக்கும். கண்கள் நெருக்கமான முனை மேலே பார்க்கும்படி முட்டை அட்டையில் ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். முதல் முளைகள் அங்கிருந்துதான் வரும். அட்டையில் நிறுத்துவதில் இன்னொரு வசதி, கிழங்கும் கிழங்கும் தொடாது. முளை ஒன்றோடொன்று சிக்கி ஒடியாது.

கண்கள் இன்னும் உறக்கத்தில் இருந்தால், அதாவது ஒரு வெள்ளைப் புள்ளிகூடத் தெரியாவிட்டால், முதல் ஒரு வாரம் பத்து நாள் வீட்டுக்குள் 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வையுங்கள். இந்தக் கட்டத்தில் வெளிச்சம் தேவையில்லை. வெதுவெதுப்புதான் கிழங்கை எழுப்புகிறது.

கண் திறந்து சின்ன மொட்டு தெரிந்ததும் உடனே இடம் மாற்ற வேண்டும். இப்போது தேவை 10 முதல் 15 டிகிரி குளிர்ச்சியும் நல்ல வெளிச்சமும். சூடு ஏற்றாத அறையின் சன்னல் ஓரம், கண்ணாடி போட்ட திண்ணை மாதிரி இடங்கள் பொருந்தும். நேர் வெயில் நாள் முழுக்க அடிக்கும் இடம் வேண்டாம், கிழங்கு வாடிவிடும். இரவில் உறைநிலைக்குப் போகும் இடமும் வேண்டாம். உறைந்த கிழங்கு இளகும்போது நீராகிவிடும்.

வெளிச்சம் எதற்கு? இருட்டில் வரும் முளை வெளிச்சத்தைத் தேடி ஓடும். வெள்ளையாக, நீளமாக, தொட்டாலே ஒடிகிற மாதிரி இருக்கும். வெளிச்சத்தில் வரும் முளை குட்டையாக, தடிமனாக, கரும்பச்சை அல்லது ஊதா நிறத்தில் இருக்கும். நடும்போது கை பட்டாலும் ஒடியாது. நமக்கு வேண்டியது அதுதான். 1 முதல் 2.5 செ.மீ. நீளம் போதும். நீளமான முளை என்றால் சீக்கிரம் செடி வரும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. நீளம் கூடினால் ஒடிவதுதான் கூடும்.

ஏற்கெனவே வெள்ளை முளை நீண்டுவிட்டால் என்ன செய்வது? 5 செ.மீ.க்குள் இருந்தால் வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். அதற்கு மேல் கயிறு மாதிரி போயிருந்தால் தேய்த்து எடுத்துவிடலாம், திரும்ப முளைக்கும். ஆனால் ஒரு தடவைக்கு மேல் இதைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு முளையும் கிழங்கின் சேமிப்பைத் தின்றுதான் வளர்கிறது.

எத்தனை முளை விடுவது என்பது உங்கள் கையில். பெரிய கிழங்கு வேண்டுமென்றால் நன்றாக வந்த மூன்று நாலு முளையை விட்டுவிட்டு மற்றதைத் தேய்த்துவிடுங்கள். சின்னக் கிழங்குகள் நிறைய வேண்டுமென்றால் எல்லாவற்றையும் விடுங்கள். ஒவ்வொரு முளையும் ஒரு தண்டு. தண்டு கூடினால் கிழங்கின் எண்ணிக்கை கூடும், அளவு குறையும்.

தண்ணீர் தெளிக்கவே கூடாது. முளைகட்டும் பயறு மாதிரி நினைத்து ஈரத்துணி போட்டு மூடியவர்களைப் பார்த்திருக்கிறேன். உருளைக்கு வேண்டிய நீர் அதற்குள்ளேயே இருக்கிறது. வெளியே ஈரம் பட்டால் பூஞ்சைதான் வரும்.

பச்சை ஏறிய கிழங்கிலும் முளையிலும் சோலனின் என்ற நச்சு இருக்கிறது. சின்னப் பிள்ளைகளும் வளர்ப்புப் பிராணிகளும் எட்டாத இடத்தில் அட்டையை வையுங்கள்.

5. வெட்டி நடலாமா?

வெதுவெதுப்பான மண் என்றால் தாராளமாக வெட்டலாம். குளிர்ந்த, ஈரமான மண்ணில் வெட்டுவாய் வழியாகத்தான் அழுகல் நுழையும். தொட்டிக்குத் தேவைப்படுவதே ஒன்று முதல் மூன்று கிழங்கு. அதில் சிக்கனம் பார்த்து மிச்சமாகப் போவது எதுவும் இல்லை, முழுசாகவே நடுங்கள்.

கிழங்கு மிகப் பெரிதாக இருந்து வெட்டியே ஆக வேண்டுமென்றால், ஒவ்வொரு துண்டும் 40 கிராமுக்குக் குறையாமல், குறைந்தது இரண்டு கண்ணோடு இருக்கட்டும். சுத்தமான கத்தியால் வெட்டி, 15 முதல் 18 டிகிரியில், காய்ந்து சுருங்கிவிடாத காற்றோட்டமான இடத்தில் மூன்று நாலு நாள் விடுங்கள். வெட்டுவாயில் தோல் மாதிரி ஒரு படலம் கட்டும். அந்தப் படலம்தான் காவல். வெட்டிய அன்றே நட்டால் காவல் இல்லாமல் அனுப்புவதாகும்.

6. தொட்டி

ஒரு செடிக்கு 10 முதல் 15 லிட்டர் மண் என்று கணக்கு வையுங்கள். வாய் 40 செ.மீ., உயரம் 35 செ.மீ. உள்ள தொட்டி சுமார் 44 லிட்டர் கொள்ளும். அதில் மூன்று கிழங்கு சரி. நாலாவதை நுழைக்கச் சபலம் வரும். நுழைத்தால் மொத்த எடை அப்படியொன்றும் ஏறாது, ஒவ்வொரு கிழங்கும் சின்னதாகப் போய்விடும். 20 லிட்டர் வாளி என்றால் ஒரே கிழங்கு.

ஆழம் 35 செ.மீ.க்குக் குறைய வேண்டாம். அதே நேரத்தில் ஆள் உயரக் கோபுரமும் வேண்டாம். டயரை அடுக்கிக்கொண்டே போனால் தண்டு நெடுகக் கிழங்கு காய்க்கும் என்று ஒரு நம்பிக்கை சுற்றுகிறது. குறுகிய கால வகைகள் விதைக்கிழங்குக்குச் சற்று மேலே, ஓர் அடுக்கில்தான் கிழங்கு பிடிக்கும். மீதி உயரம் முழுக்க வெறும் மண்தான்.

அடியில் வடிகால் துளைகள் நிறைய வேண்டும், விரல் நுழையும் அளவில் ஆறேழு. தொட்டியைத் தரையில் அப்படியே உட்காரவைக்காமல் செங்கல் துண்டு, மரக்கட்டை என்று எதன் மேலாவது தூக்கி வையுங்கள். துளை அடைபடாது, குளிர்ந்த சிமெண்டுத் தரையும் வேரைத் தொடாது. துளைக்கு மேல் சரளைக்கல் பரப்பும் பழக்கம் தேவையில்லை. அது வடிகாலைக் கூட்டுவதில்லை, மண்ணுக்கான ஆழத்தைத்தான் குறைக்கிறது.

துணியால் ஆன க்ரோ பேக்கில் ஈரம் தேங்காது, அதனால் குளிர் வசந்தத்துக்கு நல்லது. கோடையில் சீக்கிரம் காயும், அடிக்கடி தண்ணீர் கேட்கும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வசந்தத்தில் மண்ணைச் சீக்கிரம் சூடாக்கும், நல்லதுதான். ஆனால் நடுக்கோடையில் அதே கறுப்பு எதிரியாகும். கிழங்கு பருக்க மண் 15 முதல் 20 டிகிரியில் இருப்பது உகந்தது, 25-ஐத் தாண்டினால் வேகம் குறையும், 30-ஐ நெருங்கினால் ஏறக்குறைய நின்றே போகும். அந்த நாட்களில் தொட்டியின் பக்கவாட்டைச் சாக்கு போட்டு மறைத்தால் போதும்.

நனைந்த 40 லிட்டர் தொட்டி ஏறக்குறைய 30 கிலோ வரும். எங்கே இருக்கப் போகிறதோ அங்கேயே வைத்து நிரப்புங்கள். பனி இரவில் உள்ளே இழுக்கும் எண்ணம் இருந்தால் சக்கரப் பலகை இப்போதே அடியில் வர வேண்டும்.

7. மண்கலவை

தோட்டத்து மண்ணை மட்டும் அள்ளிப் போடாதீர்கள். தரையில் மண்புழுவும் வேரும் அதைப் பொலபொலப்பாக வைத்திருக்கும். தொட்டியில் நாலு தடவை தண்ணீர் ஊற்றியதும் இறுகிச் செங்கல்லாகிவிடும், குளிரில் நாள்கணக்கில் ஈரம் வடியாது.

நான் கலப்பது: பானைச் செடிகளுக்கான கலவை இரண்டு பங்கு, நன்றாக மக்கிய உரம் ஒரு பங்கு, பெர்லைட் (மண்ணை இறுகவிடாத லேசான வெள்ளைக் குருணை) அல்லது கரட்டு மணல் அரைப் பங்கு. தென்னை நார்க்கழிவு கிடைத்தால் கலவையில் பாதிவரை அதையே போடலாம், ஆனால் அதில் சத்து ஏறக்குறைய இல்லை என்பதை நினைவில் வைத்து உரத்தைக் கூட்ட வேண்டும். கையில் அள்ளிப் பிடித்து விட்டால் உதிர வேண்டும், உருண்டையாக நிற்கக் கூடாது.

மக்காத சாணமும் சுண்ணாம்பும் மரச்சாம்பலும் வேண்டாம். உருளைக்குக் கொஞ்சம் புளிப்புத் தன்மையுள்ள மண், அதாவது பி.எச். 5-க்கும் 6-க்கும் இடையில் இருப்பது பிடிக்கும். சுண்ணாம்பும் சாம்பலும் அதைக் காரமாக்கும், தோலில் சொறி நோய் வரும். கிழங்கைச் சாப்பிடலாம், பார்க்க மட்டும் அருவருப்பாக இருக்கும்.

அடியுரமாக ஒரு 40 லிட்டர் தொட்டிக்கு இரண்டு கைப்பிடி எலும்புத்தூளோ, சமச்சீரான குருணை உரத்தை அதன் உறையில் சொல்லியிருக்கும் அளவிலோ கலந்தால் போதும். தழைச்சத்து கூடினால் இலை காடு மாதிரி வரும், கீழே கிழங்கு இருக்காது.

8. நடலாமா என்று தெர்மாமீட்டரிடம் கேளுங்கள்

தேதி வந்துவிட்டது என்பதற்காக நடாதீர்கள். தெர்மாமீட்டரை 10 செ.மீ. ஆழத்தில் செருகிக் காலையில் பாருங்கள். தொடர்ந்து நாலைந்து நாள் 7 டிகிரிக்கு மேல் இருந்தால் நடலாம், 10 என்றால் இன்னும் நல்லது. மதியம் அளந்தால் வெயில் பொய் சொல்லும்.

கிழங்கு குளிரைத் தாங்கும். குளிரும் ஈரமும் சேர்ந்தால்தான் தாங்காது. 5 டிகிரி மண்ணில் கிழங்கு வளராமல் கிடக்கும், அழுகல் நுண்ணுயிரிகள் மட்டும் மெதுவாக வேலையைப் பார்க்கும். இன்னொரு விநோதமும் நடக்கும். நிறைய நாள் முளைவிட்டு வயதான கிழங்கைக் குளிர்ந்த மண்ணில் வைத்தால், செடியே வராமல் விதைக்கிழங்கின் மேலேயே கோலி அளவுக் குட்டிக்கிழங்குகள் ஒட்டிக்கொண்டு வரும். தோண்டிப் பார்த்து ஒருவர் "அறுவடை ஆகிவிட்டதா?" என்று கேட்டார். ஆகவில்லை, கிழங்கு தன் சேமிப்பை இடம் மாற்றி வைத்துவிட்டு ஓய்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

மண் இன்னும் குளிர்ந்தே இருக்கிறதா? நிரப்பிய தொட்டியை ஒரு வாரம் சுவர் ஓரம் வெயிலில் வைத்து மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு மூடுங்கள். தொட்டியின் அனுகூலமே இதுதான். தரை சூடாவதற்கு முன்பே இது சூடாகும்.

9. நடும் முறை

அடியில் 10 முதல் 15 செ.மீ. கலவை போட்டு லேசாகத் தட்டிவிடுங்கள், அமுக்க வேண்டாம். முளை மேலே பார்க்கும்படி கிழங்குகளை வையுங்கள். ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளியும், தொட்டிச் சுவரிலிருந்து நாலு விரலும் இருக்கட்டும். சுவரை ஒட்டி வைத்தால் குளிர் இரவில் அந்தப் பக்கம்தான் முதலில் உறையும், கோடையில் அதே பக்கம்தான் முதலில் வேகும்.

மேலே 10 செ.மீ. கலவையைக் கையால் மெல்லத் தூவுங்கள். வாளியோடு கொட்டினால் ஒரு மாதம் காத்து வளர்த்த முளை ஒரு நொடியில் ஒடியும். 35 செ.மீ. தொட்டி என்றால் இப்போது மூன்றில் இரண்டு பங்கு அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே நிறைந்திருக்கும். மீதி இடம் பிற்பாடு மண் அணைக்க.

கலவை தொட்டால் ஈரமாக இருந்தால் தண்ணீர் ஊற்ற வேண்டாம். உலர்ந்திருந்தால் ஒரு தடவை மிதமாக நனையுங்கள், அதுவும் பனியளவு குளிர்ந்த நீரில் வேண்டாம்.

10. முளை வெளியே வரும்வரை

இங்கேதான் தொட்டிக்காரர்களுக்கு ஒரு சலுகை. மண்ணுக்கு வெளியே இலை வராதவரை வெளிச்சம் தேவையில்லை. அதனால் நட்ட தொட்டியை உறையாத கொட்டகைக்குள்ளோ கார் நிறுத்தும் அறைக்குள்ளோ வைத்திருக்கலாம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது உள்ளே வேர் பிடித்துக்கொண்டிருக்கும். எனக்குத் தெரிந்து இரண்டு வாரம் முன்கூட்டியே கிழங்கு பார்க்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

ஆனால் தினமும் எட்டிப் பாருங்கள். பச்சை நுனி தெரிந்த அன்றே வெளிச்சத்துக்கு வர வேண்டும். மூன்று நாள் மறந்தால் வெளுத்து நீண்டுவிடும்.

நாலு வாரம் ஆகியும் ஒன்றும் வரவில்லையென்றால் ஓரமாக விரலை விட்டுத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் காத்திருங்கள். கொழகொழவென்றிருந்தால் எடுத்து எறிந்துவிட்டு, கலவையை மாற்றி வேறு கிழங்கு நடுங்கள். இதற்காகவே முட்டை அட்டையில் இரண்டு கிழங்கை எப்போதும் மிச்சம் வைப்பேன்.

11. பனி இரவுகள்

உருளையின் இலை பூஜ்ஜியத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி கீழே போனாலே கருகும். மேகம் இல்லாத, காற்று அடிக்காத இரவுகளில் கவனமாக இருங்கள். மாலையிலேயே தோட்டத்துக்கான வெள்ளைப் போர்வைத் துணியை இரட்டையாக மடித்துப் போர்த்துங்கள். துணி இலையைத் தொடாமல் நாலு குச்சி நட்டு அதன் மேல் விரித்தால் நல்லது, தொட்ட இடம் கருகும். பிளாஸ்டிக் தாளை அப்படியே இலைமேல் போடுவது அதைவிட மோசம். காலையில் போர்வையை எடுக்க மறக்காதீர்கள்.

மறந்துபோய் ஓர் இரவில் எல்லாம் கறுத்துவிட்டால் பிடுங்கி எறியாதீர்கள். மண்ணுக்குள் இருக்கும் கண்களிலிருந்து திரும்பத் துளிர்க்கும். இரண்டு மூன்று வாரம் பின்தங்கும், அவ்வளவுதான். செடி ஒரு சாணுக்குள் சின்னதாக இருந்தால் மண்ணையே போர்வையாக்கலாம். அடுத்த படியில் சொல்லும் மண் அணைப்பை அன்று மாலையே செய்து இலையை முழுக்க மூடிவிடுங்கள். அது தானே மேலே வந்துவிடும்.

12. மண் அணைத்தல்

செடி 15 முதல் 20 செ.மீ. வந்ததும், மேல் இலைகள் ஐந்தாறு செ.மீ. மட்டும் வெளியே தெரியும்படி கலவையை நிரப்புங்கள். மறுபடி வளர்ந்ததும் மறுபடி. தொட்டியின் ஆழத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு, அதிகம் போனால் மூன்று தடவையில் நிரம்பிவிடும். விளிம்புக்கு மூன்று விரல் கீழே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ஊற்றும் தண்ணீர் வழிந்தோடும்.

இதற்குக் காரணம் இரண்டு. மேலாக இருக்கும் கிழங்கில் வெளிச்சம் பட்டால் பச்சை ஏறிக் கெட்டுவிடும். அப்புறம், கிழங்கு பிடிக்கும் கொடிகள் மண்ணுக்குள் இருக்கும் தண்டிலிருந்துதான் கிளம்பும். அணைக்காவிட்டால் அவை வெளியே வந்து சாதாரணக் கிளையாகிவிடும். முதல் நாளே தொட்டியை நிரப்பிவிட்டால் இந்த வேலை மிச்சம்தானே என்று தோன்றும். கோடைக்கு அது பரவாயில்லை. குளிர் வசந்தத்தில் ஆழத்து மண் சூடாக நாளாகும், முளையும் நீண்ட தூரம் முட்டி வர வேண்டும். அதனால்தான் படிப்படியாக.

13. தண்ணீரும் மேலுரமும்

முளை வரும்வரை கஞ்சத்தனம், பூ விடும்போது தாராளம். அதுதான் கணக்கு. விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டாவிட்டால் ஊற்றுங்கள். ஊற்றினால் அடித்துளையில் வடியும்வரை ஊற்ற வேண்டும். தினம் ஒரு குவளை தெளிப்பதில் மேல்மண் மட்டும் நனையும்.

செடி பெரிதானதும் மழையை நம்பாதீர்கள். இலைகள் குடை மாதிரி விரிந்து மழைநீரைத் தொட்டிக்கு வெளியே தள்ளிவிடும். நல்ல மழை பெய்த மறுநாளும் மண் உலர்ந்திருப்பதைப் பார்த்துப் பலரும் ஆச்சரியப்படுகிறார்கள். வெயில் நாட்களில் தினமும் ஊற்ற வேண்டிவரும்.

காயவிட்டுக் காயவிட்டுத் திடீரென்று வெள்ளமாக ஊற்றினால் கிழங்கு வெடிக்கும், புடைப்பு புடைப்பாக வளரும், சிலவற்றில் நடுவே பொந்து விழும். கிழங்கு பிடிக்கத் தொடங்கும் வாரங்களில் காயவிட்டால் சொறி நோயும் வரும்.

மொட்டு தெரிந்ததிலிருந்து பத்து நாளுக்கு ஒருமுறை தக்காளிக்கான திரவ உரத்தைக் கலந்து ஊற்றலாம். அதில் சாம்பல் சத்து (பொட்டாசியம்) கூடுதல், கிழங்குக்கு அதுதான் வேண்டும். சில வகைகள் பூக்கவே பூக்காது, அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

14. கருகல் நோய்

இலை ஓரத்தில் நீர் கோத்த பழுப்புத் திட்டு, அடிப்பக்கத்தில் வெள்ளைப் பூஞ்சை என்று தெரிந்தால் அது பின்கருகல் நோய். இரவிலும் 10 டிகிரிக்குக் குறையாமல், காற்றில் ஈரம் நிறைந்த இரண்டு நாள் சேர்ந்து வந்தால் போதும், அது கிளம்பிவிடும். தக்காளிக்கும் இதே நோய்தான், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். மாலையில் இலைமேல் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஓரிரண்டு இலையில் இருந்தால் கிள்ளி அப்புறப்படுத்திவிட்டு கவனியுங்கள். வேகமாகப் பரவினால் தயங்காமல் தண்டுகளை மண்மட்டத்தில் வெட்டி எறியுங்கள், மக்கு உரக் குழியில் போடாதீர்கள். இரண்டு வாரம் கழித்துக் கிழங்கை எடுங்கள். அதற்குள் மேல்மண்ணில் விழுந்த நோய்வித்துகள் சாகும், தோலும் இறுகும்.

15. அறுவடையும் சேமிப்பும்

குறுகிய கால வகை என்றால் பத்தாவது வாரத்திலிருந்து, அல்லது பூத்த பிறகு, ஓரமாகக் கையை விட்டுத் துழாவிப் பாருங்கள். முட்டை அளவு கிடைத்தால் இரண்டு மூன்றை எடுத்துவிட்டு மண்ணை மூடிவிடலாம், செடி தொடர்ந்து வளரும். முழுசாக எடுப்பதென்றால் தரையில் தாள் விரித்துத் தொட்டியைக் கவிழ்த்துவிடுங்கள். மண்வெட்டி வேண்டாம், கிழங்கைக் குத்திவிடும். ஒரு செடிக்கு ஒரு கிலோ கிடைத்தால் தொட்டிக்கு அது நல்ல விளைச்சல்.

இளங்கிழங்கின் தோல் விரலால் தேய்த்தாலே உரியும், அது சேமிப்புக்கு ஆகாது. வைத்துச் சாப்பிட வேண்டுமென்றால் இலை பழுத்ததும் தண்டை வெட்டிவிட்டு, தண்ணீரை நிறுத்தி, பத்து முதல் பதினாலு நாள் மண்ணிலேயே விடுங்கள். இலையுதிர் காலப் பனி நெருங்குகிறதா என்று இந்த நாட்களில் பார்த்துக்கொள்ளுங்கள். தரையில் உள்ள கிழங்குக்கு மேலே மட்டும்தான் குளிர், தொட்டிக்கு நாலு பக்கமும் குளிர். கடும் பனி ஓர் இரவு வந்தாலே ஓரத்துக் கிழங்கு உறைந்துவிடும். சந்தேகமென்றால் தொட்டியோடு கொட்டகைக்குள் இழுத்துவிடுங்கள்.

எடுத்த கிழங்கைக் கழுவாதீர்கள். மண்ணை உதறி, இருட்டான, காற்றோட்டமான இடத்தில் 10 முதல் 15 டிகிரியில் ஒன்றிரண்டு வாரம் பரப்பி வைத்தால் சின்னக் காயங்கள் ஆறும். பிறகு காகிதப் பையிலோ சாக்கிலோ 4 முதல் 7 டிகிரியில் வையுங்கள். அதைவிடக் குளிர்ந்தால் மாவுச்சத்து சர்க்கரையாகி இனிக்கும், வறுத்தால் சீக்கிரம் கறுக்கும்.

தொட்டியில் மிச்சமான கலவையை அடுத்த வருடம் உருளைக்கோ தக்காளிக்கோ பயன்படுத்தாதீர்கள். நோய் வராமல் இருந்திருந்தால் கீரைக்கும் பீன்ஸுக்கும் போடலாம். கொட்டும்போது விரலால் ஒரு தடவை அலசிவிடுங்கள். கோலி அளவுக் கிழங்கு ஒன்றிரண்டு எப்போதும் ஒளிந்திருக்கும், அடுத்த வசந்தத்தில் கீரைக்கு நடுவே அதுதான் முதலில் தலைகாட்டும்.